நூற்றைம்பது சதவீதக் கூந்தல்

மார்ச் 3

இன்று ஸ்டுடியோவில் கூட்டமே இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் எடுக்க வந்த ஒருவர், தன் முன்நெற்றியைத் தடவிக் காட்டி, "இங்க மட்டும் கொஞ்சம் முடி போட்டு விடுங்கக்கா" என்றார். கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். மனுஷனுக்கு முகமெல்லாம் பல். இந்த ஊரில் பாதிப் பேருக்கு முடி முளைக்க வைத்தவள் நான். என் தலை மட்டும் ஸ்கார்ஃபுக்குள் பளபளவென்று இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் காசளவுக்கு ஒரு வட்டம். அப்புறம் நாலைந்து. அப்புறம் மொத்தமும். டாக்டர் ஆபத்தில்லை என்றார், உடம்பே தன் முடியை எதிரி என்று நினைத்து விரட்டுகிறதாம். வடிகட்டின முட்டாள் உடம்பு!

மே 2 நாங்கள் கடை திறந்த நாள். ஒவ்வொரு வருடமும் அன்று நான், வீட்டுக்காரர், மகள் மூவரும் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து முன் சன்னலில் வைப்போம். போன இரண்டு வருடமும், "யாராவது எடுக்கணுமில்ல" என்று சொல்லிவிட்டு நான் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இவரோ என் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைக்கவில்லை. இப்போது சன்னலில் இருக்கும் படத்தில் இவர் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், நடுவில் காலி ஸ்டூல். தினமும் கடை திறக்கும்போது அது என்னைப் பார்க்கிறது.

இந்த வருடம் அதில் உட்காருவேன். எழுதியாகிவிட்டது.

மார்ச் 7

விக் கடைக்குப் போனோம். துணைக்கு நாத்தனார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. என் முடி கொட்டியதற்குக் காரணம் நான் செல்போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவதுதானாம். பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டே போனேன்.

கடைக்காரம்மாவின் கொண்டையில் எப்போதும் ஒரு சீப்பு செருகியிருக்கிறது. சீப்பம்மா என்று மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன். அடர்த்தி எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, மாதிரிகளை மேசையில் பரப்பினார். எண்பது, நூறு, நூற்றிருபது, நூற்றைம்பது சதவீதம். "நூறுன்னா சாதாரணத் தலைம்மா. நூத்தம்பதெல்லாம் மேடை ஏறுறவங்க வாங்குறது. உங்க வயசுக்கு நூறே போதும், முன்னாடி அதுக்கும் கம்மியா வெச்சாத்தான் நிஜம் மாதிரி இருக்கும்."

"ஏங்க, காசு குடுத்து வாங்குறோம், அதுல என்ன கஞ்சத்தனம்?" என்றாள் நாத்தனார்.

நான் பையிலிருந்து படத்தை எடுத்தேன். கடைசியாக நான் உட்கார்ந்த மே 2 படம், ஃபிரேமோடு. "இதுதான் நான். எனக்கு இதே மாதிரி வேணும்."

சீப்பம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இவ்வளவு முடியா இருந்துச்சு?"

எனக்குச் சுருக்கென்று ஆனது. "ஃபோட்டோ என்ன பொய்யா சொல்லும்?" என்றேன். சீப்பம்மா நூற்றைம்பது என்று குறித்துக்கொண்டார்.

மார்ச் 8

இவரிடம் சொன்னேன். "நூத்தம்பதா? உனக்கு எப்பவுமே கொஞ்சம் முடிதானே" என்கிறார். கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஆகியும் என் தலையை ஒழுங்காகப் பார்த்ததில்லை இந்த மனுஷன். இனிப் பேச்சே கிடையாது.

மார்ச் 9

பேசிவிட்டேன். கடைச் சாவியைக் காணவில்லை.

ஏப்ரல் 11

வந்துவிட்டது! வந்துவிட்டது!

கூந்தல் உள்ளவள் அள்ளி முடிகிறாள் என்பார்கள். அள்ளினேன், முடிந்தேன், அவிழ்த்தேன், மறுபடி அள்ளினேன். சீப்பம்மா, "ரெண்டு நாள் போட்டுப் பாருங்க. பாரமாத் தோணுச்சுன்னா கொண்டு வாங்க" என்றார். எனக்கு எங்கே காதில் விழுந்தது? பஸ்ஸில் வேண்டுமென்றே சன்னலோரம் உட்கார்ந்தேன். காற்றில் முடி முகத்தில் விழுந்தது, அதை ஒதுக்கிவிட்டேன். முடியை ஒதுக்கிவிட்டு எவ்வளவு காலமாயிற்று!

ஏப்ரல் 12

மகள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "நல்லாத்தாம்மா இருக்கு." அப்படியென்றால் நல்லா இல்லை என்று அர்த்தம். பெற்றவளுக்குத் தெரியாதா?

சாயங்காலம் பக்கத்துக் கடைத் தையல்காரர் கேட்டார்: "என்னக்கா, ஸ்கூட்டர் வாங்கிட்டீங்களா?"

"இல்லையே, ஏன்?"

"தூரத்துல வரும்போது ஹெல்மெட் போட்ட மாதிரி இருந்துச்சு."

இவனையெல்லாம் எவன் கேட்டான்? ஊசில நூல் கோக்க மூணு தடவை முயற்சி பண்ற கண்ணு, அதுக்கு என் தலை மட்டும் தெருமுனையிலிருந்தே தெரியுதாம்!

ஏப்ரல் 13

ஸ்டூலில் உட்கார்ந்து, டைமர் வைத்து, என்னை நானே படம் எடுத்தேன்.

தையல்காரர் சொன்னது சரி. திரையில் ஒரு கூரை, அதற்குக் கீழே என் முகம். நெற்றியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி முடி ஆரம்பிக்கிறது. வகிடு என்று ஒன்றே இல்லை. எந்தப் பக்கமும் தோல் தெரியவில்லை. வேறு யாராவது இந்தப் படத்தைக் கொண்டுவந்திருந்தால், எந்தக் கத்துக்குட்டி வேலை இது என்று கேட்டிருப்பேன்.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆசை ஆசையாய் வாங்கினேனே. காலி ஸ்டூலே தேவலாம்.

விக் பெட்டிக்குள் போயிற்று. ஸ்கார்ஃப் தலைக்கு வந்தது. இந்த வருஷமும் நானே கேமரா பிடிக்கிறேன் என்று இவரிடம் சொன்னேன். "சரி, ஸ்டூல் அங்கயே இருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஏப்ரல் 17

பழைய படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றும் வேலையை மகளிடம் கொடுத்திருந்தேன். மத்தியானம், "அம்மா, இங்க ஓடி வா" என்று கத்தினாள். கரண்ட் அடித்துவிட்டதோ என்று ஓடினேன்.

திரையில் இரண்டு படம், பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் நான் சீப்பம்மாவிடம் கொண்டுபோன அதே மே 2 படம். ஒன்று சன்னலில் வைத்தது. மற்றது கேமராவிலிருந்து வந்தபடியே இருப்பது. இந்த இரண்டாவதில் என் வகிடு விரல் அகலம் வெள்ளையாகத் தெரிகிறது. நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் மெலிந்து கிடக்கிறது. நெற்றியில் பூனைமுடி.

எனக்கு நினைவே இல்லை. ஊராருக்குப் போடுகிற கை, அன்று சாயங்காலம் எனக்கும் போட்டுவிட்டிருக்கிறது! அதற்கு முந்தைய வருடத்தைத் திறந்தோம். அதிலும் போட்டிருக்கிறேன். அதற்கு முந்தையதிலும். ஒரு வருடம் இரட்டைத்தாடையைக்கூட விட்டுவைக்கவில்லை.

"அம்மா, நீ கடையில காட்டினது உன் தலையே இல்லம்மா! நீயே வரைஞ்சது!" மகள் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வாயை மூடுடி என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஃபோட்டோ பொய் சொல்லுமா என்று அந்தம்மாவிடம் எகிறினேனே, கடவுளே!

சத்தம் கேட்டு இவர் வந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். வகிடு தெரிகிற படத்தை விரலால் தொட்டு, "எனக்கு இவளைத்தான் தெரியும்" என்றார். டீ போடப் போய்விட்டார்.

இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஏப்ரல் 18

வகிடு தெரிகிற படத்தைப் பிரின்ட் போட்டுச் சீப்பம்மாவிடம் கொண்டுபோனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார், முடியவில்லை. "ஒண்ணும் கெட்டுப் போகலம்மா. அதிகமா இருந்தா எடுத்துடலாம். கம்மியா இருந்து சேர்க்கணும்னாத்தான் பெரும்பாடு."

விக்கை மரத் தலையில் மாட்டி, சின்னக் கிடுக்கியால் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கினார். முன்வரிசையில், வகிட்டில், நெற்றிப்பொட்டுப் பக்கத்தில். பின்பக்கத்தைத் தொடவே இல்லை. எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி இருந்தால்தான் பொய் வெளியே தெரியுமாம். கொஞ்ச நேரத்தில் நான் பக்கத்தில் நின்று, "வகிட்டுல இன்னும் எடுங்க, இன்னும்" என்று விரட்ட ஆரம்பித்தேன்.

"இத்தனை வருஷத்துல முடியைப் பிடுங்குங்கன்னு கெஞ்சின ஒரே ஆள் நீங்கதாம்மா" என்றார். கூடவே, "ரெண்டு நரை வெக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வெக்காதீங்க. உண்மைக்கும் ஒரு அளவு இருக்கு" என்றேன்.

ஏப்ரல் 20

தையல்காரர் கடையை மூன்று முறை தாண்டிப் போனேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நல்லா இருக்கட்டும் அந்த மனுஷன்.

மே 2

உட்கார்ந்தேன். மகள் டைமர் வைத்துவிட்டு ஓடிவந்து தடுக்கி விழப் பார்த்தாள், அதனால் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். நாத்தனார் லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, "நிமிர்ந்து உக்காரு, கூன் போடாத" என்று அதிகாரம் செய்தாள்.

ராத்திரி வரை பொறுக்காமல் உடனே கம்ப்யூட்டரில் திறந்தேன். வகிடு தெரிந்தது. கை தானாக மவுஸைத் தேடிப் போனது. எனக்கே சிரிப்பு. அப்படியே பிரின்ட் கொடுத்துவிட்டேன்.

இரட்டைத்தாடை மட்டும் லேசாக. லேசாகத்தான்.

மே 9

காலையில் படம் எடுக்க ஒரு அம்மா வந்தார். இதற்கு முன் பார்த்ததில்லை. வாசலில் நின்று சன்னல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தார். என் தலையை ஒரு பார்வை. விக் என்று கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. வகிட்டுல முடி கொட்ட ஆரம்பிச்சிருக்கு போல. எனக்கும் இப்படித்தான் ஆச்சு. ஒரு எண்ணெய் இருக்கு, பேர் எழுதித் தரேன். இப்பவே தேய்ச்சா இருக்குறதையாவது காப்பாத்திக்கலாம்."

"நிஜமாவே கொட்டியிருக்கா?" என்று கேட்டேன். பாவம், நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலைப்படாதீங்கம்மா, நம்ம வயசுல எல்லாருக்கும் இருக்குறதுதான்."

எல்லாருக்கும் இருக்கிறதுதான்! அந்த அம்மாவைக் கட்டிப் பிடிக்காமல் விட்டதே பெரிய விஷயம். அவர் கேட்டதைவிட நாலு பிரதி கூடப் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ஏன் என்று புரியாமலே போனார்.

எண்ணெய்ப் பெயர் எழுதிய சீட்டைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருக்கிறேன்.