செவ்வாய்க்கிழமை ரயில்

துல்லியோ,

அரிசி சாலட் ஃபிரிஜ்ஜில் இருக்கிறது. பசிக்கவில்லை என்றாலும் நாலு வாய் சாப்பிடு. வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. மாடி வீட்டு ஜில்யோலா பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சாவி வாங்க வருவாள். எங்கே போகிறோம் என்று துருவுவாள். கடலுக்கு என்று மட்டும் சொல்.

உன் பட்டியலைப் பார்த்தேன். ஒன்பது நாளில் ஐந்து ஊர். பத்தாம் நாள் அடுத்த கீமோவுக்குப் போக வேண்டியவன் போடுகிற திட்டமா இது? வெனிஸைக் கோடு போட்டு அடித்துவிட்டேன், அங்கே பாலத்துக்குப் பாலம் படி, உன்னால் ஏற முடியாது. ஃபுளோரன்ஸ் வெயில் உனக்கு ஆகாது. பலெர்மோ தூரம். ரோமில் இரண்டு நாள், மிச்சமெல்லாம் நேப்பிள்ஸ் கடற்கரை. இதற்கு மேல் பேச்சில்லை.

காலையில் நான் கத்தியது கிளம்பும் நாளுக்காக. செவ்வாயிலும் வெள்ளியிலும் எங்கள் வீட்டில் யாரும் கல்யாணம் செய்ததில்லை, பயணம் கிளம்பியதும் இல்லை. புதன்கிழமை போகலாம் என்றால் நீ சிரிக்கிறாய். "செவ்வாக்கிழமை கிளம்பினா என்ன ஆயிடும், ஓர்னெல்லா? இனிமே வர்றதுக்குக் கெட்டது ஏதாவது பாக்கி இருக்கா?" என்று கேட்கிறாய். அதைக் கேட்டுத்தான் தட்டைப் போட்டு உடைத்தேன்.

பெருக்கிவிட்டேன். ஆனாலும் சில்லு கிடக்கலாம், செருப்பில்லாமல் நடக்காதே.

டிக்கெட் எடுக்க ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

ஓர்னெல்லா

பி.கு.: செவ்வாய்க்கிழமைக்கே எடுக்கிறேன். புதன்வரை பொறுத்தால் ஒரு நாள் போய்விடும். நம்மிடம் இருப்பதே ஒன்பதுதான்.