நீ போட்டிருந்த கை பிரேக்

இன்று காலை மருமகப்பிள்ளை புது பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். முன்னால் இரண்டு பேர் உட்காரும் இடம், பின்னால் திறந்த தொட்டி. நம் முதலாளி ஏலத்தில் எடுத்த பட்டாளத்து வண்டியின் பேரப்பிள்ளை மாதிரி இருக்கிறது. மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கி, எல்லாம் ஆனது. ‘மாமா, ஏறி உக்காந்து பாருங்க’ என்றார். உட்கார்ந்தேன். அவர் கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் போனார். கர்ரக் கர்ரக் என்று பல் ஏறுகிற அந்தச் சத்தம் கேட்டதும் என் வலது கையைத் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருடமாக யார் வண்டியில் ஏறினாலும் இதுதான் என் வழக்கம். மகள் பார்த்துவிட்டு, ‘என்னப்பா, கைய எங்கன கொண்டு வச்சிருக்கீங்க?’ என்றாள். வாதம் என்று சொல்லிவிட்டேன்.

பொய் எனக்கு நன்றாக வரும். அது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. நீ உயிரோடு இருந்தபோது வாயைத் திறக்காதவன் இப்போது காகிதமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறானே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருடம் அது. நம் முதலாளி, கொப்பரை மண்டி அண்ணாச்சி, அந்த வண்டியை எடுத்தார். அதுவரை தோணி கட்டும் ஜெட்டிக்கும் சரக்கு அடுக்கும் நம் கிட்டங்கிக்கும் மாட்டு வண்டிதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மூட்டை எண்ணிச் சீட்டு எழுதுகிற வேலை. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். அதனால்தானே என் பெயரையே மறந்து நீ என்னை ‘எழுத்து’ என்று கூப்பிட்டாய்.

நீ அப்போதுதான் தோணியை விட்டு இறங்கியிருந்தாய். பதினொரு வருடம் கொழும்புக்குப் போய்வந்தவன். உன் அண்ணன் போன தோணி ஒரு மழைக்காலத்தில் திரும்பி வராமலே போனது. உன் வீட்டுக்காரி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள், ‘ஒண்ணு கடலு, இல்லன்னா நானு.’ நீ பட்டாளத்து டிரைவர் ஒருவனைப் பிடித்து வண்டி ஓட்டப் பழகி, லைசென்ஸும் வாங்கிக்கொண்டு அண்ணாச்சி முன்னால் வந்து நின்றாய். அவருக்கு நம்பிக்கையே இல்லை. ‘கடல்ல பாய் கட்டுனவனுக்கு ரோட்டுல என்னலே சோலி?’ என்று கேட்டார். பிறகு, ‘சரி, மூணு மாசம் பாப்பம். வண்டிக்கு ஒண்ணும் ஆவலன்னா நீதான் டிரைவரு’ என்றார். அந்த மூன்று மாதத்தில் வேலை நிலைக்காவிட்டால் மறுபடியும் கடல்தான். உனக்கு வேறு தொழில் தெரியாது. அதை நீ என்னிடம் தினமும் சொன்னாய்.

வண்டியையும் நீ தோணியாகத்தான் ஓட்டினாய். ஸ்டீயரிங் உனக்குச் சுக்கான். கை பிரேக் நங்கூரம். ‘நங்கூரம் போட்டாச்சு, எறங்குலே எழுத்து’ என்பாய். நிறுத்துவதில் உன்னைப் போல் கவனமான ஆளை நான் பார்த்ததில்லை. காலால் பிரேக்கை அமுக்கிக்கொண்டு கை பிரேக்கை ஐந்து பல்லும் ஏறும்வரை இழுப்பாய். காலை மெதுவாக எடுத்து, வண்டி அசைகிறதா என்று பார்ப்பாய். பிறகு இறங்கிப்போய்ப் பின் சக்கரத்தடியில் கல் வைப்பாய். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் அந்த வண்டி உயிர் பெறும் என்பதால் கியரில் போட்டு நிறுத்த மாட்டாய். நியூட்ரல்தான். ஆக, வண்டியைப் பிடித்து நிறுத்தியது கை பிரேக்கும் கல்லும் மட்டுமே.

நிறுத்துவதில் சூரன், ஏற்றத்தில் கிளப்புவதில் கொஞ்சம் தடுமாற்றம். ஊர் முழுக்கத் தட்டைத் தரை. ஏற்றம் என்று ஒன்று இருந்தால் அது தோணி வந்து கட்டும் இடத்திலிருந்து மேலே வரும் அந்தக் கல் சரிவுதான். பாரத்தோடு அதில் ஏறும்போது கிளச்சை விட வேண்டும், ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும், வண்டி பின்னால் போகாமலும் பார்க்க வேண்டும். ‘ரெண்டு காலு, மூணு கட்ட! எந்தக் கிறுக்குப்பயலே இத செஞ்சான்?’ என்று கத்துவாய். கை பிரேக்கோ லேசில் இறங்காது. நுனிப் பொத்தானை அமுக்கி, ஒரு இழுப்பு மேலே இழுத்து, அப்புறம் கீழே விட வேண்டும். அதனால் நாம் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். காலால் மிதிக்கும் கட்டைகள் மூன்றும் உன்னுடையவை, கை பிரேக்கை இறக்குவது என்னுடையது. வண்டி முன்னால் தாவும் சமயம் பார்த்து ‘ஆரியா!’ என்பாய். தோணியில் பாயையோ மூட்டையையோ கயிறு தளர்த்திக் கீழே இறக்கச் சொல்லும் வார்த்தை அது. நான் பொத்தானை அமுக்கி இறக்குவேன். வண்டி உறுமிக்கொண்டு மேலே ஏறும்.

பத்து நாளில் அது எனக்குக் கைவந்துவிட்டது. நீ ‘ஆ’ என்னும்போதே என் கை இறங்கும். பாதி டிரைவர் ஆகிவிட்டேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். ‘ஆமா, பெரிய டிரைவரு! எறக்கிவிடுததுக்கு ஒரு ஆளு’ என்றாள் என் மனைவி. அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

மூன்று மாதம் முடியப் பதினொரு நாள் இருந்தது. காலை பத்து மணி இருக்கும். சரிவின் ஓரத்தில் தோணி கட்டியிருந்தது. நம் வண்டி கடலுக்கு முதுகு காட்டி நின்றது. பாதி மூட்டை ஏறியிருந்தது. மீதியை இறக்கத் தோணிக் கயிறு எட்டவில்லை என்று நீ கல்லை எடுத்துப் போட்டுவிட்டு வண்டியை ஒரு முழம் பின்னால் தள்ளி நிறுத்தினாய். கை பிரேக்கை இழுத்தாய். ஐந்து பல். காலை எடுத்துப் பார்த்தாய், வண்டி அசையவில்லை. இறங்கிக் கல்லை மறுபடி வைக்கக் குனிவதற்குள் தோணிக்காரர்கள் மூட்டையைத் தூக்கிவிட்டார்கள். அது காற்றில் ஆடிக்கொண்டு உன் தலைக்கு மேலே வந்தது. ‘பொறுங்கலே, பொறுங்க!’ என்று அதைப் பிடித்து நேராக்கப் போனாய். நான் உள்ளே உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து உன் குரல் வந்தது. ‘ஆரியா!’

அது எனக்கு இல்லை. கயிற்றைப் பிடித்திருந்தவர்களுக்குச் சொன்னது. என் கண் சீட்டில் இருந்தது, கை மட்டும் போய்விட்டது. பொத்தானை அமுக்கியது, மேலே இழுத்தது, கீழே விட்டது. தலையைத் தூக்கியபோது எதிரே நின்ற விளக்குக் கம்பம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இறக்கினவனுக்கு மறுபடி இழுக்கத் தெரியாதா? சின்னப் பிள்ளைகூட இழுத்திருக்கும். நான் கதவைத் திறந்து குதித்தேன்.

நீ அந்தப் பக்கமாக ஓடிப்போய் ஏறினாய். கை பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாய். சக்கரம் அதற்குள் பாசிக்கல்லில் ஏறிவிட்டது. வண்டி வழுக்கிக்கொண்டு போய், முன்பக்கம் மட்டும் வெளியே தெரியத் தண்ணீரில் நின்றது. நீ மார்பளவு தண்ணீரில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய். யாருக்கும் அடி இல்லை என்று தெரிந்ததும் தோணிக்காரர்கள் சிரித்தார்கள். ‘என்னவே, திரும்பியும் கடலுக்கே வந்துட்டீரு?’ என்றான் ஒருவன். உன் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். ‘கை பிரேக்கு போட்டியாலே?’

‘போட்டேன் அண்ணாச்சி.’ திடமாகத்தான் சொன்னாய்.

அவர் என் பக்கம் திரும்பினார். ‘நீ உள்ளதான இருந்த? வண்டி உருளையில அது எங்கன இருந்துச்சு?’

‘கீழ இருந்துச்சு, அண்ணாச்சி.’

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் என் ஆயுசில் சொன்னதும் இல்லை. நீ என்னைப் பார்த்தாய். கோபமாகக்கூட இல்லை, ஏதோ தொலைத்துவிட்டவன் பக்கத்தில் நிற்பவனைக் கேட்பது போல, ‘நான் போட்டேன்லா, எழுத்து?’ என்றாய். நான் பென்சிலைத் தேடுவது போலச் சட்டைப்பையைத் தடவினேன். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பிச் சொன்னாய், ‘அப்ப நான்தான் மறந்திருப்பேன். எழுத்து பொய் சொல்ல மாட்டான்.’

மனைவி ஏழு மாதம், வேலை போனால் என்ன செய்வது என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் சும்மா. பயம், அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நாளை மறுநாள் ஆனது. அடுத்த வாரம் நீ கொழும்புத் தோணியில் ஏறிவிட்டாய். உன் வீட்டுக்காரி ஜெட்டியில் வந்து நின்றதைப் பார்த்து, நான் ஒரு வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நீ என்னை வெறுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீயோ ஒவ்வொரு தடவையும் கொழும்பிலிருந்து எனக்குத் தேயிலையும் சோப்பும் கொண்டுவந்தாய். என் மகள் பிறந்ததற்கு வெள்ளிக் கிலுகிலுப்பை வாங்கிவந்தவன் நீ. பாவி, நீ கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டேன்.

பிறகு நான் சொந்தமாக ஒரு லாரி வாங்கியபோது உன் வீட்டுக்கு வந்து கேட்டேன், நினைவிருக்கிறதா? ‘வந்து ஓட்டுலே. உன் வண்டி மாதிரி வச்சுக்க’ என்றேன். எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. நீ தலையை ஆட்டினாய். ‘வேண்டாம்லே. நான் மறக்குத ஆளு. அன்னைக்குத் தண்ணியோட போச்சு. ஒரு உயிரு போயிருந்தா?’ என்றாய். நாம் வெளியே கிளம்பினோம். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தவன், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாய். கொஞ்ச தூரம் நடந்ததும் இன்னொரு தடவை போனாய். முன்பு நீ அப்படி இல்லை. ஒரு தடவை முடிச்சுப் போட்டால் போட்டதுதான் என்று இருந்தவன். உன் கையை நீயே நம்பாத ஆளாக உன்னை ஆக்கியது நான்.

கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்த அன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். உன் மாதா சத்தியமாக, என் சாமிமேலும் சத்தியமாக, அதற்குத்தான் வந்தேன். உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நீயே அந்தப் பேச்சை எடுத்தாய். ‘எழுத்து, அன்னைக்கு அந்தப் பல்லு ஏறுன சத்தம் கேட்ட மாதிரியே இருக்குலே இன்னும். கிறுக்கு மனசு.’ இதைவிட வாசல் திறந்துவிட ஒருத்தனால் முடியுமா? நான் உன் போர்வையை இழுத்துவிட்டு, ‘பழசு எதுக்குலே இப்ப? தூங்கு’ என்றேன்.

மாதா கோயிலில் உனக்கு வைத்த முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் வீட்டுக்காரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் மதிலோரம் நின்றுதான் சொன்னேன். அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டாள், ‘இருவது வருசம் மழைக்காலம் வந்தா நான் மானத்தையும் கடலையும் மாறி மாறிப் பாத்துட்டுக் கெடந்தேன். அது ஒங்களுக்குத் தெரியும்லா?’

‘தெரியும்’ என்றேன்.

‘அவுக சாவுத வரைக்கும் அந்த நெனப்பாத்தான் கெடந்தாக. எங்கிட்ட சொல்லி இப்ப என்ன செய்ய? அவுககிட்டல்லா சொல்லிருக்கணும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் சொன்னது சரி. சொல்ல வேண்டிய ஆள் நீதான். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை, அதற்காக எழுதவும் இல்லை. நீ கேட்டதற்கு நான் அன்றைக்குச் சொல்லாத பதிலைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆமாலே, போட்டிருந்த. அஞ்சு பல்லும் ஏறுனத நான் பக்கத்துல இருந்து கேட்டேன். நீ ஒண்ணையும் மறக்கல.