டாக்டர் உட்காரும் நாற்காலி

மார்ச் 2, திங்கள்

மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9.4. ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். பெரிய மகள் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். "எட்டு வருஷமா அதே டாக்டர், அதே மாத்திரை. சர்க்கரைக்குன்னே இருக்கிற டாக்டர்கிட்ட ஒரு தடவை போனா என்னப்பா?"

அவளுக்கு என்ன தெரியும்? நம்ம டாக்டர் பதினைந்து நாளுக்கு ஒரு திங்கட்கிழமை என் சலூன் நாற்காலியில் வந்து உட்காருகிறவர். இன்றும் வந்தார். முடி வெட்டிக்கொண்டே கேட்பேன், கண்ணாடியைப் பார்த்தபடியே பதில் சொல்வார். என் வைத்தியத்தில் பாதி, அவர் முகத்தில் நுரை இருக்கும்போதுதான் நடந்திருக்கிறது. இவரை விட்டுவிட்டு எந்த முகத்தோடு இன்னொருவரிடம் போவது?

மார்ச் 5, வியாழன்

ஒருவருக்குக் கிருதா ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிவிட்டது. இருபத்தாறு வருடத் தொழிலில் இப்படி நடந்ததில்லை. இடது கண்ணில் கரும்புள்ளிகள் மிதக்கின்றன. கண் போனால் நான் என்ன ஆவேன்? வீட்டில் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

அரை நாள் கடையை மூடிவிட்டு சர்க்கரை டாக்டரம்மாவிடம் போனேன். கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். பின்பக்கம் லேசாக ரத்தம் கசிகிறதாம். ஆரம்பம்தான், சர்க்கரையை அடக்கினால் காப்பாற்றலாம் என்றார்.

அப்புறம் கேட்டார், இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், யார் பார்க்கிறார் என்று. நம்ம டாக்டர் பெயரைச் சொன்னால் அவரை ஏதாவது சொல்லிவிடுவாரோ? "எதுவும் சாப்பிடலைங்க" என்றேன். நம்பிப் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 10, செவ்வாய்

புது மாத்திரையும் போட்டேன், பழையதையும் போட்டேன். பழையதை நிறுத்தினால் அவருக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

பதினோரு மணிக்கு அகோரப் பசி, வியர்வை. இனிப்பாக ஒரு டீ குடித்ததும் அடங்கியது. மருந்து வேலை செய்கிறது போல.

மார்ச் 16, திங்கள்

கை இப்போதுதான் நிலைக்கு வந்திருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

நம்ம டாக்டர் வந்தார். முடி முடிந்து, காதுக்குக் கீழே கத்தி வைத்திருந்தேன். சட்டை நனைந்துவிட்டது. கை என் பேச்சைக் கேட்கவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். அசையவே இல்லை. மெதுவாக என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மாஸ்டர், கத்தியைக் கீழ வைங்க. உக்காருங்க."

என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கழுத்தில் துணியும் பாதி முகத்தில் நுரையுமாக எதிர் டீக்கடைக்கு ஓடிச் சர்க்கரைத் தண்ணீர் வாங்கி வந்தார். குடிக்க வைத்தார். தன் பையிலிருந்த மீட்டரில் சோதித்துப் பார்த்தால் சர்க்கரை 52. என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். மேஜை டிராயரிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் படித்தார்.

"ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேற, புதுசுல அளவு கொஞ்சம் கூட. இன்னொண்ணு யார் எழுதினது?"

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுவிட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பழைய மாத்திரையை இன்றே நிறுத்தச் சொன்னார். அந்த அம்மாவின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நுரையைத் தானே துடைத்துக்கொண்டார். காதுக்குக் கீழே மெல்லிய சிவப்புக் கோடு. நான் போட்டது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். பாதி சவரத்தோடு போய்விட்டார்.

மார்ச் 30, திங்கள்

அவர் வரும் நாள். வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். "உங்க மேல கோவம் இருக்காதுங்க, அவருக்கு உயிர் மேல ஆசை இருக்கும்ல" என்றாள். சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 1, புதன்

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். நம்ம டாக்டரின் கையெழுத்து. எட்டு வருடக் கணக்கு முழுவதும் தேதி வாரியாக. கடைசி வரியை அவரே படித்துக் காட்டினார்: 'முன்பே கண் பரிசோதனைக்கு அனுப்பாதது என் தவறு.'

நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பொய் சொன்னேன். அவர் தன் தவறைத் தானே எழுதி அனுப்பியிருக்கிறார்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை இங்க வாங்க. மத்த நாள்ல அவரே பாக்கட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துச் சீட்டு" என்றார் அந்த அம்மா.

ஏப்ரல் 13, திங்கள்

வந்தார். முடி காதை மூடி வளர்ந்திருந்தது. வேறு எந்தக் கடைக்கும் போகவில்லை.

துணியைக் கட்டினேன். கத்தரிக்கோலை மட்டும் எடுத்தேன். கத்திப் பக்கமே கை போகவில்லை. முடி முடிந்ததும் துணியை அவிழ்க்கப் போனேன்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

காலைச் சாப்பாடும் ஆச்சு, சோதித்தும் ஆச்சு என்றேன். 118. மீட்டரைக் காட்டினேன்.

"அப்ப ஷேவிங்கும் பண்ணிடுங்க" என்று தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் புது பிளேடு மாட்டினேன்.