ஏலாமலையில் ஏலக்காய்

அன்பின் காதர் நானா,

உங்கள் மலைக்கு இப்போது நல்ல காலம். தோப்பூர் வீதியில் பெரிய பலகை நட்டிருக்கிறார்கள்: "ஏலமலை, பழம்பெரும் ஏலக்காய்த் தோட்டம்." ஏலாமலையின் துணைக்காலை விழுங்கிவிட்டு ஒரு தோட்டத்தையே கக்கியிருக்கிறார்கள். சிரிக்கிறீர்களா?

காய்ச்சல் பரவிய காலத்தில் ஊரார் எழும்ப ஏலாத தங்கள் ஆட்களை நுளம்புக்கடி இல்லாத அந்த உச்சிக்குத் தூக்கிப் போனார்கள். அதனால்தான் அது ஏலாமலை. திரும்பி இறங்காதவர்களில் ஒருவர் உங்கள் உம்மாவின் வாப்பா, உங்கள் மூத்தவாப்பா. பிறகு உலகப் போர்க்காலத்தில் துறைமுகத்தைக் காவல் பார்க்க வந்த வெள்ளையர், அங்கே இறந்தவர்களின் அடக்கங்களை விட்டு ஒதுங்கியே பீரங்கிக்குச் சீமெந்துத் தளம் போட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தது இந்தப் பலகை நட்டவர்களுக்குத் தெரியவில்லை.

போன கிழமை ஏறினேன். மலையைக் குறை சொல்ல ஏலாது நானா. பாலை மரங்களும் வீரை மரங்களும் உச்சிவரை நிழல் தருகின்றன. மேலே நின்றால் கொட்டியாரக் குடா முழுவதும் காலடியில்.

பலகை நட்ட மலையேற்றக் குழுவின் வழிகாட்டி, தொப்பியும் விசிலுமாக, ஏலக்காய்த் தேத்தண்ணி நீட்டினார்.

"தம்பி, இந்த வெக்கையில ஏலக்காய் எங்க காய்ச்சது?"

"அது முந்தி ஐயா. இன்டர்நெட்டில கிடக்கு."

"ஆர் போட்டது?"

"நாங்கதான்."

வெட்கமே இல்லை. நாற்பது வருடம் செய்தி எழுதியவனுக்கு இப்படியொரு ஆதாரம் கிடைத்ததில்லை.

தேத்தண்ணி கொதித்த அடுப்பைப் பார்த்தேன். மூன்று கற்கள். இரண்டு, உங்கள் மூத்தவாப்பாவின் அடக்கத்தில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்டிருந்த மீசான் கற்கள். தலைமாட்டுக் கல்லில் நீங்கள் கீறிய பிறையில் கரி அப்பியிருந்தது.

"இது மையத்துக் கல்லடா!" என்றேன்.

"அப்பிடியா? அளவாக் கிடந்துது, ஐயா."

அளவாம்! இறந்தவனின் தலையையும் காலையும் பிடுங்கிக் கேத்தல் ஏற்றுகிறவனுக்கு வரலாறு விற்கும் தொழில்.

கேத்தலை நானே இறக்கி வைத்தேன். கல் ஆறும்வரை காத்திருந்து இரண்டையும் பழைய இடத்தில் நட்டேன். கரி முழுதாகப் போகவில்லை.

ஆனால் நானா, அடுப்பில் மிஞ்சியதும் மீசான் கல்தான்; மீசான் கல் சோடியாகத்தான் இருக்கும். அந்த மூன்றாவது கல் யாருடையது? அதன் சோடி எங்கே?

அதை என் சால்வையில் சுற்றிப் பாலைமரத்தடியில் வைத்திருக்கிறேன். அந்த ஆளின் அடக்கத்தைக் கண்டுபிடித்து, அவருக்கும் தலைமாடு கால்மாடு காட்டிவிட்டுத்தான் நான் மலையை விடுவேன். பலகைக்கு அந்தத் துணைக்காலையும் நானே எழுதுவேன், தார் வாளியோடு.

உங்கள் மூத்தவாப்பாவுக்குப் பேரன் முறையான,
தம்பி சிவம்