இரண்டாவது லைன் வேண்டாம்

பெரிஹான்,

பருப்பு சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக் குடி. மதியம் ஐ.எஸ்.டி.என் என்கிற அந்த இரண்டாவது போன் லைனைப் போட ஆள் வருவான். ஒரு டீ கொடுத்து, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடு.

போன வாரம் நான் கத்தினேன். "நீ பொழுதுக்கும் இன்டர்நெட்ல இருந்து போன் லைனை அடைச்சு வச்சா, ரைன் ஆத்தங்கரைக் கிடங்குலேர்ந்து மேஸ்திரி வெர்னர் வேலைக்கு எப்படிம்மா கூப்பிடுவான்?"

"அப்ப ஐ.எஸ்.டி.என் போடுங்கப்பா. நெட்டும் ஓடும், போனும் அடிக்கும். உங்க வெர்னரும் சந்தோஷப்படுவான்" என்றாய். சரியென்று நானும் ஆளை வரச் சொன்னேன்.

அன்றிலிருந்து நீ கோபத்தில் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். லைன் காலியாகத்தான் கிடந்தது. உன் அத்தை மட்டும் கூப்பிட்டு, "வேலை வந்துச்சாடா?" என்று கேட்டாள். வெர்னர் கூப்பிடவில்லை.

கிடங்கு வாசலில் போய் நின்று பார்க்கிறேன். வெர்னர் என்ன சொல்வான் என்று தெரியும். எழுத்துக்கூட்டி இதை எழுதுவதற்குள் பஸ்ஸே போய்விடும் போலிருக்கிறது.

அப்பா

ஓரத்தில் ஒன்று: இனி நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நெட்டில் இரும்மா. லைன் பிஸியாக இருந்தால், வெர்னர் கூப்பிட்டுப் பார்த்திருப்பான் என்றாவது நான் நினைத்துக்கொள்வேன்.