பால் குடித்தால் தீம் பார்க்

மார்ச் 4, செவ்வாய்

இன்று இரண்டு டம்ளர் பால், ஒரு கிண்ணம் கேரட், ஒரு தலைக்குளியல். எல்லாம் தீம் பார்க்கின் கைங்கரியம். நான் செய்ததெல்லாம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டதுதான்: "தீம் பார்க் போகணுமா, வேணாமா?"

பெரியவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். ஒன்றாம் வகுப்பு, நியாய அநியாயம் தெரிந்த வயது. சின்னவனுக்கு மூன்று. நியாயமெல்லாம் அவனுக்குத் தெரியாது, அக்கா குடித்தால் குடிப்பான். பெரியவளை மட்டும் வழிக்குக் கொண்டுவந்தால் போதும், வீடே அடங்கிவிடும்.

"எப்பதான் கூட்டிட்டுப் போறதா உத்தேசம்?" என்றாள் மனைவி.

"போலாம்."

"போலாம்னா?"

"போலாம்னா... போலாம்."

மார்ச் 5, புதன்

கடைக்கு டியூஷன் டீச்சர் வந்தார். எங்கள் சர்வீஸ் சென்டரில் வாஷிங் மெஷினை விட்டுவிட்டு, புதன்கிழமை தவறாமல் விசாரிக்க வருகிறவர். பழுது பார்ப்பது உள்ளே இருக்கும் மெக்கானிக்கின் வேலை. கவுண்டரில் உட்கார்ந்து "வந்துடும்" என்று சொல்வது என் வேலை.

"மோட்டார் வந்துச்சா தம்பி?"

"கிளம்பிடுச்சு மேடம். வழியில இருக்கு."

"போன வாரமும் வழியிலதானே இருந்துச்சு?"

"கொஞ்சம் தூரமான வழி மேடம்."

சிரித்துவிட்டுப் போனார். தங்கமான மனுஷி. அவர் படியிறங்கியதும் மெக்கானிக் உள்ளிருந்து தலையை நீட்டி, "அண்ணே, அந்த மோட்டாருக்கு இன்னும் ஆர்டரே போகல" என்றான். போய்விடும். எதற்கும் ஒரு பொறுமை வேண்டாமா?

மார்ச் 9, ஞாயிறு

மச்சான் வந்திருந்தான். தன் பிள்ளையை ஒன்றரை வயதில் தீம் பார்க்குக்குத் தூக்கிக்கொண்டு போன வீரன். பிள்ளை போகும்போது தூங்கியது, அங்கேயும் தூங்கியது. கடைசியில் கரடி வேஷம் போட்டவர் வந்து கை குலுக்கியதும் விழித்து, வீடு வரை அலறியது. இருந்தும் ஊருக்கு உபதேசம் செய்கிறான்.

"இப்பவே கூட்டிட்டுப் போயிடுங்க மாமா. பெருசாயிட்டா பெரிய சக்கரத்துல ஏறணும்பாங்க. உங்களையும் சேர்த்து ஏத்திடுவாங்க."

எனக்குப் பூங்கா ஊஞ்சலிலேயே தலை சுற்றும்.

மனைவி வேறு கட்சி. "சின்னவன் முதல்ல டயப்பர விடட்டும். இப்போ போனா அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது?" நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். வயசு வரட்டும், வெயில் குறையட்டும், கூட்டம் இல்லாத நாளாகப் பார்ப்போம் என்றேன். அவளுக்கே என் முதிர்ச்சியைப் பார்த்து ஆச்சரியம்.

இங்கே மட்டும் உண்மையை எழுதிவிடுகிறேன். போய்விட்டு வந்துவிட்டால் மறுநாள் பாலுக்கு என்ன சொல்வது? என் கையில் இருப்பது ஒரே ஒரு பிரம்மாஸ்திரம். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விட்டுத் தீர்த்துவிட நான் என்ன மடையனா?

மார்ச் 21, வெள்ளி

சின்னவன் முடிவெட்டிக்கொண்டான். தீம் பார்க்.

ஏப்ரல் 2, புதன்

டீச்சர் வந்தார். மோட்டார் இப்போது நிஜமாகவே வழியில் இருக்கிறது. ஆனால் சொல்லும்போது என் குரல் அன்றைக்குச் சொன்ன மாதிரியேதான் இருந்தது.

மாலையில் பெரியவள் தம்பியிடமிருந்து கலர் பென்சிலை வாங்கிக்கொண்டிருந்தாள். "குடுத்தா தீம் பார்க்ல பெரிய சக்கரத்துல உன்ன என் பக்கத்துல உக்கார வெப்பேன்." கொடுத்துவிட்டான். பெருமையாகத்தான் இருந்தது. நம் ரத்தம்.

மே 3, சனி

லீவு விட்டால் கூட்டம். கூட்டம் இல்லாத நாளில் பள்ளிக்கூடம். இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. உலகமே எனக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது. மனைவியிடம் சொன்னேன்.

"உங்க கவுண்டர் இருக்கறது சர்வீஸ் சென்டர்லயா, வீட்டுலயா?" என்றாள்.

புரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

மே 28, புதன்

டீச்சர் வரவில்லை. நிம்மதி.

ஜூன் 11, புதன்

மோட்டார் வந்துவிட்டது! மெக்கானிக் மாட்டி, ஓட்டியும் பார்த்துவிட்டான். துள்ளிக் குதித்துக்கொண்டு டீச்சருக்குப் போன் செய்தேன்.

"மேடம், மோட்டார் வந்துடுச்சு!"

"அட! நெஜமாவா?" என்று சிரித்தார். "நான் வேற மெஷின் வாங்கிட்டேனே தம்பி. அத நீங்களே யாருக்காவது குடுத்துடுங்க."

"சொல்லியிருக்கலாமே மேடம். வாராவாரம் வந்தீங்களே."

"மார்க்கெட் போற வழிதானே. நீங்க பாவம், ஒவ்வொரு தடவையும் புதுசா ஏதாவது சொல்லுவீங்க. கேட்டுட்டுப் போவேன்."

கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கோபத்துக்கு என்னிடம் நிறையப் பதில்கள் இருக்கின்றன. அவர் என்னவென்றால் எனக்காக இரக்கப்பட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டார். நம்புகிறார் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்?

ஜூன் 12, வியாழன்

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை. பால். இடுப்பில் கை. "தீம் பார்க் போகணுமா, வேணாமா?"

பெரியவள் டம்ளரை என் பக்கம் மெதுவாகத் தள்ளினாள். "பரவால்லப்பா" என்றாள். முறைப்பு இல்லை, அழுகை இல்லை. வந்த விருந்தாளியிடம் சொல்வது போலச் சொன்னாள். எழுந்து போய்விட்டாள்.

துண்டு எடுக்கப் போனபோது படுக்கையறையில் தம்பிக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

"அது நெஜமா இல்லடா. பூச்சாண்டி இருக்கான்ல, அது மாதிரி. பால் குடிக்கறதுக்காகச் சொல்றது. நீயும் பெரியவன் ஆனா சொல்லலாம்."

"பெரிய சக்கரம்?"

"அதுவும் இல்ல."

"கரடி?"

"இல்லடா."

சின்னவன் உதட்டைப் பிதுக்கினான். அழப்போகிறான் என்று நினைத்தேன். "சரி" என்றான்.

அந்தச் 'சரி' இருக்கிறதே — அய்யோ. மூணு வயசுப் புள்ள. ஒரு கரடிய எடுத்துட்டோம்னு சொன்னா சரிங்குது. நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்? பால் போனா போகுது. நாளைக்கு நான் வேற ஏதாவது சொன்னா? அப்பா சொல்றார், கேட்டுக்கலாம், பாவம்னு... டீச்சர் மாதிரி...

மனைவியிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை போகிறோம் என்று.

"டயப்பர்?"

"எடுத்துக்கிட்டுப் போலாம்."

"கூட்டம்?"

"இருக்கட்டும்."

"வெயில்?"

"தொப்பி."

அலமாரியின் மேல்தட்டிலிருந்து நான்கு தொப்பிகளை எடுத்துப் போட்டாள். எனக்கும் ஒன்று. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. எப்போது வாங்கி வைத்தாளோ!

ஜூன் 13, வெள்ளி

குழந்தைகளிடம் அறிவித்தேன். "ஞாயித்துக்கிழம தீம் பார்க் போறோம்."

பெரியவள் என்னைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். "எவ்ளோ குடிக்கணும்?"

"ஒண்ணும் குடிக்க வேணாம்."

"கேரட்டா?"

"எதுவும் வேணாம்டா கண்ணு. சும்மா போறோம்."

அதற்கப்புறம்தான் சந்தேகம் இன்னும் பலமாகிவிட்டது. அம்மாவிடம் போய், "அப்பாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டாளாம்.

ஜூன் 15, ஞாயிறு

போய்விட்டு வந்தோம். கால் இரண்டும் என்னுடையவை இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் பெரியவள் ஓட்டுநரிடம் போய், "இது தீம் பார்க்தான் போகுதா?" என்று கேட்டாள். பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் கேட்கவில்லை. அவர் ஆமாம் என்ற பிறகுதான் வந்து உட்கார்ந்தாள்.

வாசலில் இறங்கியதும் ஓடவில்லை. மதிலைத் தொட்டுப் பார்த்தாள், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். பிறகு தம்பியிடம் திரும்பி, தீர்ப்புச் சொல்வது போல, "இருக்குடா" என்றாள். அதற்கப்புறம் இருவரையும் பிடிக்க ஆளில்லை. சின்னவன் கரடியின் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. கரடியே ஆளை விடு என்று கெஞ்சியது.

பெரிய சக்கரம். அண்ணாந்து பார்த்ததற்கே எனக்கு வேர்த்துவிட்டது. சின்னவன் தன் பாட்டுக்கு அம்மா மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க போங்க. நான் அப்புறம் ஏறறேன்" என்றேன்.

ஏறி உட்கார்ந்திருந்த பெரியவள் இறங்கி வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"ஏறினா உன்ன ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போவேன்."

"எங்க?"

"நல்ல எடம். ஏறணுமா, வேணாமா?"

ஏறினேன். மேலே போனபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்திருந்தேன். "பயப்படாதப்பா, நான் இருக்கேன்ல" என்றாள். எனக்கு அழுகை வந்தது. தலைசுற்றலினால்தான் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

கவுண்டரில் ஒருவர் மிக்ஸிக்கு பிளேடு எப்போது வரும் என்றார். தெரியாது, வந்ததும் நானே கூப்பிடுகிறேன் என்றேன். கடையே அதிரும்படி கத்தினார். "தெரியாதுன்னா எப்படி? சும்மாவாவது ஒரு தேதி சொல்லுங்க சார்!" மெக்கானிக் வெளியே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

வீட்டில் பால் பிரச்சினை பழையபடி. பெரியவள் பாதி குடிக்கிறாள், மீதிக்குச் சண்டை போடுகிறாள். நன்றாகவே சண்டை போடுகிறாள். என் மேல் பழையபடி கோபம் வருகிறது அவளுக்கு. அது போதும்.

சண்டை ஓய்ந்ததும், சாதாரணமாகக் கேட்பது போல, "என்னை எங்கயோ கூட்டிட்டுப் போறேன்னியே, எப்போ?" என்று கேட்டேன்.

"போலாம்ப்பா."

"போலாம்னா?"

அவள் குடிக்காமல் வைத்திருந்த மீதிப் பாலை என் பக்கம் நகர்த்தினாள். "முதல்ல இத குடி."

குடித்துவிட்டேன். எந்த இடமென்று தெரியவில்லை. ஆனால் போக வேண்டும் போலத்தான் இருக்கிறது.