மாஸ்டரின் அஞ்சலி அடுத்த பக்கத்தில் இருக்கிறது

என்ரை குஞ்சு,

அம்மா எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவள் எழுதுகிற கடிதம், பிழை இருந்தால் சிரிக்காதே. இல்லை, சிரி. நீ சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம்.

வருகிற மாதம் உன் ஆண்டுத் திவசம். அப்பா உனக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறார். முன்பக்கத்தில் உன் படம், பிறகு தேவாரம், பிறகு தெரிந்தவர்கள் எழுதுகிற அஞ்சலிகள். எந்தப் படம் போடுவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை. அவருக்கு நீ சீலை கட்டி நிற்கிற படம் வேண்டும். எனக்கு நீ வாயைத் திறந்து ஏதோ கேட்டுக்கொண்டிருக்கிற படம் வேண்டும். அதில் உன் கை ஆடி மங்கலாகிவிட்டது. "உதை ஆர் மலரில போடுவினம்?" என்கிறார். நான் போடுவேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. உன் டியூஷன் மாஸ்டரும் அஞ்சலி அனுப்பியிருக்கிறார்.

ஓம், அவரேதான். லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிள்ளை வைத்திருக்கிற தமிழ்ச்சனம் முழுக்க சனிக்கிழமை அவர் வாசலில்தான் நிற்கும். பதினாறு வயதுச் சோதனையில் ஒன்பதுதான் ஆகக் கூடிய புள்ளி. அவரிடம் போனால் ஒன்பது வரும் என்பார்கள். கனபேருக்கு வந்ததும் உண்மை. அதை நான் மறைக்கவில்லை.

அப்பா அஞ்சலியைப் போனில் பார்த்து வாசித்தார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"'அமைதியே உருவான மதுமிதா...'"

என் கை நின்றது.

"'அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். கேட்ட கேள்விக்கு மட்டும்...'"

"'...புன்னகையோடு பதில் சொல்பவர்,'" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு முதலே அனுப்பினவரோ?"

"இல்லை. நீங்கள் வாசியுங்கோ."

"'அவர் விட்டுச் சென்ற வெற்றிடம்...'"

"'...காலத்தாலும் நிரப்ப முடியாதது.' இனி ஒரு வெண்தாமரை வருமே?"

அப்பா விரலால் தள்ளிப் பார்த்தார். "வருது," என்றார் மெதுவாக.

எனக்கு அது பாடம், குஞ்சு. வெஸ்ட் ஈலிங்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்னையா அண்ணை செத்தபோது, முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் மாஸ்டர் இதைத்தான் மைக்கில் வாசித்தார். அண்ணையின் மலரிலும் இதுதான் அச்சாகியிருந்தது. சனம் சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டு இருந்தது. நான் முன்வரிசையில் இருந்து கேட்டேன். வாசிக்கக் குறைந்தவர்களுக்குக் காதில் விழுந்தது மறக்காது. பொன்னையா அண்ணை வயதான மனுசன், உண்மையாகவே வாய் திறக்கமாட்டார். சில்லறை தரும்போதுகூடத் தலையைத்தான் ஆட்டுவார். அவருக்கு அது பொருந்தியது. பெயரை மட்டும் மாற்றி உனக்குப் போட்டிருக்கிறார்.

உனக்கு! நீ அமைதியானவளாம்!

நீ வாயை மூடியிருந்ததை யார் கண்டது? பஸ் பிரேக் போட்டால் நாங்கள் ஏன் முன்னுக்கு விழுகிறோம் என்று கேட்பாய். கோயிலில் ஐயர் தீபம் காட்டிக்கொண்டு வர, "ஐயா, கற்பூரம் எரிஞ்சா ஏன் சாம்பல் மிஞ்சேல்லை?" என்று கேட்டாய். அவர் உன்னைப் பார்த்தார், பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். "பிள்ளை, திருநீறு வாங்கிக்கொண்டு போ" என்றார். வெளியே வந்து செருப்புப் போடும்போது, "ஐயருக்கும் தெரியாது அம்மா" என்று என் காதுக்குள் சொன்னாய். நான் உன் தலையில் குட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

மாஸ்டர் வகுப்பில் நீ கேட்ட கேள்வி அவருக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று கேட்டாய். "அது விதி. பாடமாக்கு" என்றார். நீ விடவில்லை. "விதியெண்டா ஆரோ ஒரு காரணத்துக்குத்தானே வைச்சிருப்பினம்?" என்று திரும்பக் கேட்டாய். "ஏன் எண்டு சோதனையில வராது. வெளியில போய் நில்" என்றார்.

நான் உன்னை ஏற்ற வந்தபோது நீ நடைபாதையில் சுவரோடு நின்றாய். உள்ளே இருபது பிள்ளைகள் ஒரே குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கதவைத் திறந்து, "மற்றப் பிள்ளையளின்ரை நேரத்தையும் தின்னுறாள், தங்கச்சி. கொஞ்சம் சொல்லி வையுங்கோ" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீ என்ன செய்தாய்? குசினி சிங்கில் தண்ணீர் நிரப்பி, அடைப்பை இழுத்துவிட்டு, தண்ணீர் இறங்குவதைப் போனில் பிடித்தாய். என்னைக் கூப்பிட்டாய்.

"தண்ணி குறையுது. அது மைனஸ், சரியே? இப்ப படத்தைப் பின்னுக்கு ஓட்டுறன். அதுவும் மைனஸ். என்ன நடக்குது, பாருங்கோ."

தண்ணீர் சுழன்று சுழன்று மேலே ஏறியது.

"கூடுது," என்றேன்.

"அவ்வளவுதான் அம்மா. இதை அவர் சொல்லியிருக்கலாம்தானே."

விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற எனக்கே விளங்கிற மாதிரிச் சொன்ன பிள்ளை நீ. உனக்குச் சோதனையில் என்ன வந்தது? ஆறு.

உன் பள்ளிக்கூடத்தில் கேட்டு, நீ எழுதிய விஞ்ஞானப் பேப்பரைத் திருப்பி எடுத்துப் பார்த்தாய். வேர்த்தால் உடம்பு ஏன் குளிர்கிறது என்று ஒரு கேள்வி. வேர்வைத் தண்ணி உடம்பின் சூட்டைத் தூக்கிக்கொண்டு காற்றோடு போய்விடுகிறது என்று உன் சொல்லில் எழுதியிருந்தாய். முட்டை. 'ஆவியாதல்' என்ற சொல் அதில் இருக்கவேண்டுமாம். அந்த ஒரு சொல்லை எழுதிய பிள்ளைக்குப் புள்ளி. அதற்குப் பொருள் தெரியுமா என்று அந்தப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

"நான் எழுதினது பிழை இல்லை, அம்மா. அவை தேடின சொல்லு அதில இல்லை. அவ்வளவுதான்" என்று பகிடி மாதிரிச் சொன்னாய். அப்போதும் நீ உடையவில்லை. உடைத்தது அதற்குப் பிறகு.

தமிழ்க் கடையில் நாங்கள் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்தார். தெரிந்த சனம் நாலைந்து பேர் நின்றது. "விளங்கிப் படிக்கிற பிள்ளைக்கு எத்தினை வந்தது?" என்றார். நீ சொன்னாய். "பாத்தீங்களே, அறிவு கூடினா புள்ளி குறையும் போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். காரில் ஏறி பெல்ட்டைப் போட்டாய். வீடு வரும்வரை ஒரு சொல் இல்லை.

அதோடு நீ கேள்வி கேட்பதை விட்டாய். அடுத்த வகுப்புக்கும் அவரிடமே போனாய், நீயாகத்தான் போனாய். மாதிரி விடைகளைச் சுவரில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்ப்பாய். "என்ன குஞ்சு, விளங்குதோ?" என்று கேட்டால், "விளங்கத் தேவையில்லை அம்மா" என்பாய். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். கோயிலில் பேசாமல் திருநீறு வாங்கினாய். தை மாதம் மூளைக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

காய்ச்சலுக்கு மாஸ்டர் பொறுப்பில்லை. அவ்வளவு விசரி இல்லை நான். ஆனால் எனக்குக் கிடைத்த உன் கடைசி மாதங்களை அவர் ஊமையாக்கிவிட்டார். அவர் எழுதிய அந்த அமைதி அவரே உண்டாக்கியது. அதைத்தான் இப்போது வெண்தாமரை என்கிறார்.

சோதனையும் அவர் பக்கம்தான் நின்றது, தெரியும். ஆனால் சோதனையை நான் எங்கே போய்ப் பிடிப்பது? அதற்கு முகம் இல்லை. மாஸ்டருக்கு முகம் இருக்கிறது. ஃபோன் நம்பரும் இருக்கிறது. எடுத்தேன்.

"மாஸ்டர், மதுமிதாவின்ரை அம்மா கதைக்கிறன்."

"ஓ, தங்கச்சி! அஞ்சலி கிடைச்சதோ? அழுதழுதுதான் எழுதினனான்."

"கிடைச்சது. பொன்னையா அண்ணைக்கு எழுதேக்கையும் அழுதனீங்களோ?"

மாஸ்டர் இருமினார்.

"தங்கச்சி, அஞ்சலி எண்டா ஒரு முறை இருக்கு. சனம் எதிர்பாக்கிற சொல்லுகள் அதில இருக்கவேணும். இருந்தாத்தான் நல்லாயிருக்கும்."

"புள்ளியும் கிடைக்கும், என்ன?"

"விளங்கேல்லை."

"அதை விடுங்கோ. அவள் உங்களிட்ட என்ன கேட்டவள் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"எத்தினை பிள்ளையள் வருகுதுகள், தங்கச்சி. நல்ல பிள்ளை. வலு அமைதி. வேணுமெண்டா கொஞ்சம் மாத்தி எழுதித் தரட்டே?"

"வேண்டாம் மாஸ்டர். ஒரு எழுத்தும் மாத்தவேண்டாம். அப்பிடியே போடுறன்."

"சந்தோசம்," என்று வைத்தார்.

எனக்கும் சந்தோசம்தான். மலரில் இந்தக் கடிதம் இடப்பக்கம், அவருடைய அஞ்சலி வலப்பக்கம். இதை வாசிக்கிறவர்கள் தயவுசெய்து அதையும் வாசியுங்கள். வீட்டில் பொன்னையா அண்ணையின் மலர் இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "நாளைக்கு ஆக்களின்ரை முகத்தில முழிக்க வேண்டாமே?" என்றார்.

"நாங்கள் முழிக்கலாம். அவர்தான் யோசிக்கவேணும்."

"செத்த பிள்ளையின்ரை மலரில ஆரும் கோவத்தை அச்சடிப்பினமே?"

"பொய்யை அடிக்கலாம், கோவத்தை அடிக்க ஏலாதோ?"

அவர் எழுந்து போய்விட்டார். பிறகு வந்து, "எழுதி முடி. எழுத்துப் பிழை நான் பாக்கிறன்" என்றார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

என்னோடு தட்டு அடுக்குகிற ஒருத்திக்கு இதை வாசித்துக் காட்டினேன். "முழுக்க உண்மை அக்கா. ஆனா என்ரை மகளுக்கு வைகாசியில சோதனை. என்ரை பேரை எழுதிப் போடாதேங்கோ" என்றாள். எழுதவில்லை. அவளை நான் குறை சொல்லவும் இல்லை. மலர் வந்த அடுத்த சனிக்கிழமையும் மாஸ்டரின் வகுப்பு நிரம்பித்தான் இருக்கும். பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்பதும் வரும். ஆனால் அவர் உள்ளே நுழையும்போது, கதவடியில் நிற்கிற தாய்மார் ஒவ்வொருத்தியும் இதை வாசித்திருப்பாள். அது போதும். இல்லை, போதாது. இப்போதைக்கு அவ்வளவுதான் என் கைக்கு எட்டுகிறது.

மன்னிக்கச் சொல்லி யாரும் என்னிடம் வரவேண்டாம். திவசத்தன்று மாஸ்டர் சாப்பிட வருவார். முதல் மலரை நானே அவர் கையில் கொடுப்பேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், குஞ்சு: நான் இருக்கும்வரை உன்னை அமைதியான பிள்ளை என்று ஒருவரும் சொல்லிவிட்டுப் போகமுடியாது. சொன்னால் அந்த இடத்திலேயே, எந்தச் சபையென்றாலும், எழுந்து நிற்பேன்.

ஆனால் அந்த மாதங்களில் பஸ் ஜன்னலோடு நீ பேசாமல் வந்தாயே. எனக்கு அதுதான் நெஞ்சுக்குள் கிடக்கிறது. கேட்காமல் அப்படியே விழுங்கிக்கொண்டு போனாயே, அந்தக் கேள்விகள் என்னென்ன, குஞ்சு?

உன்னைப் பெற்ற,
அம்மா